மேனேஜரைப் பெற்றவர்கள்

அவர் தைப்பது வண்டிகளுக்கான சீட்டு உறை. கார், பஸ், லாரி, பல்டாக்டரின் சாய்வு நாற்காலி, எது வந்தாலும் அளவெடுத்து, வெட்டி, தைத்து, இழுத்து மாட்டிக் கொடுப்பார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் சீட்டுக்காரர். பணம் கட்டும் சீட்டுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அப்படி ஒரு சீட்டில் சேர்ந்தார். அதை நடத்தியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

குதிரையேற்றப் பள்ளி மீட்புக் குழுத் தலைவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தலைவர் எடையளவுத் துறையில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவன் தராசைச் சரிபார்த்ததில், தான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தத் தட்டுதான் தாழும் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு ஏற்பட்டிருந்தது. ஊரில் எது மூடப்படும் நிலைக்கு வந்தாலும் அதற்கு ஒரு மீட்புக் குழு அமைத்துத் தலைவராகிவிடுவார். நூலகத்தை மீட்டார், அது இப்போது செருப்புக் கடை. நீச்சல் குளத்தை மீட்டார். அது இப்போது வண்டி நிறுத்துமிடம். குதிரைப் பள்ளிக்கு அபாயம் என்று கேள்விப்பட்டதும் அவரே தேடி வந்தார்.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மர வேலி போட்ட ஒரு மண் வட்டம், ஒரு தீவன அறை, தகரக் கூரை போட்ட லாயம். ஊர்ப் பொதுச்சொத்து. லாயத்தில் மூன்று குதிரைகள். ஒன்றும் செய்யாமல் நின்றபடி எல்லோரையும் குறை சொல்வதுபோல் பார்ப்பதால் முதல் குதிரைக்கு மேனேஜர் என்று பெயர். தொட்டதற்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் இரண்டாவது, சம்பந்தி. மூன்றாவதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எல்லோரும் ஏறியபிறகு மிஞ்சி நிற்பதால் பாக்கி. இந்த மூன்றையும், ஏறவரும் பிள்ளைகளையும், ஒரே குரலில் மேய்த்தவர் வாத்தியாரம்மா. வட்டத்தின் நடுவில் நின்று கத்திக் கத்தி அவருடைய தொண்டை உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. தகரக் கூரையின் நிலைமை அதைவிட மோசம். மழைக்கு முன் கூரையை மாற்றாவிட்டால் பள்ளியைப் பூட்டி, குதிரைகளை விற்றுவிடுவோம் என்று நகராட்சி சொல்லிவிட்டது.

சீட்டுக்காரரின் மகள் அங்கேதான் பழகினாள். சேணம் கிழிந்தால் இவர் தைத்துக் கொடுப்பார், அதற்குப் பதிலாக அவளுக்குப் பாடம். பகலில் அவளுக்கு ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலை. போலீஸ் குதிரைப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிப்போட்டாள். உயரம் தேறியது, ஓட்டம் தேறியது. குதிரைமேல் தேர்வு மட்டும் மிச்சம். மழை தொடங்கும் சமயத்தில் நடக்கும். பழகிய குதிரையைக் கூடவே கொண்டு வரலாம் என்றார்கள். அவளுக்குப் பழகியது மேனேஜர். மேனேஜர் விற்கப்பட்டால் அவளுக்கு ஆயுள் முழுக்க டேப்.

மீட்புக் குழுவின் முதல் கூட்டம் தீவன அறையில் நடந்தது. தலைவர் எழுந்ததும் எல்லோரையும் எழச் சொன்னார். பள்ளிக்காக இரண்டு நிமிட மௌனம்.

"பள்ளிக்கூடம் இன்னும் சாகலைங்களே" என்றார் வாத்தியாரம்மா.

"ஒரு மரியாதைக்குத்தாம்மா. அப்புறம் எல்லாருக்கும் நேரம் ஒத்து வருமோ என்னவோ."

மௌனம் முடிந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். "நிதி திரட்டுறதுன்னா நிதி தெரிஞ்ச ஆள் வேணும். நம்ம அதிர்ஷ்டம், ஊர்லயே நம்பகமான சீட்டுக்காரர் இங்கேயே உக்காந்திருக்கார். அவரை நிதிச் செயலாளரா ஆக்கறோம்."

கைதட்டல் எழுந்தது. சீட்டுக்காரர் பதறி எழுந்தார். "ஐயா, நான் சீட்டு தைக்கிறவன்."

தலைவர் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தார். "பாத்தீங்களா? நாமெல்லாம் சீட்டு புடிக்கத்தான் புடிப்போம். இவர் தைக்கிறாராம்! அவ்வளவு கெட்டி!"

மறுபடியும் கைதட்டல். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருப்பா. பதவிதானே வருது, பாம்பா வருது?"

உட்கார்ந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஐயா, கூரைக்குத் தேவை தகரம். வீட்டுக்கு ஒரு தகரம் குடுத்தாங்கன்னா நாமளே ஏறி மாத்திடலாம்" என்றார்.

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "இது நிதி திரட்டுற குழு. தகரம் திரட்டணும்னா அதுக்குத் தனிக் குழு போடணும். அதுக்கும் நானே தலைவரா இருக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒவ்வொண்ணாப் போவோம்."

முதலில் உண்டியல் வைத்தார்கள். அதைத் திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். உண்டியலின் வாய் சில்லறைக்கு வெட்டப்பட்டது. அவரிடம் இருந்ததோ நோட்டு. மடித்தார், மறுபடி மடித்தார், சுருட்டினார், கட்டை விரலால் குத்தினார். நோட்டு பாதி உள்ளே போய் இறுகிக்கொண்டது. படம் எடுத்தார்கள். அதன்பிறகு அந்த உண்டியலுக்குள் ஒரு செல்லாக்காசுகூடப் போக வழியில்லை. சீட்டுக்காரர் குறடு கொண்டுவந்தார். பெரிய மனிதர் போட்டதைப் பிடுங்குவது அவமரியாதை என்று குழு தடுத்துவிட்டது. உண்டியல் நிரம்பியதாக அறிவிக்கப்பட்டது.

அப்புறம்தான் ஸ்பான்சர் யோசனை வந்தது. ஆளுக்கொரு குதிரையின் செலவை ஏற்பது, அந்தப் பணத்தில் கூரை போடுவது. நல்ல யோசனைதான். ஆனால் குழுவில் புலவர் இருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பிறமொழிச் சொல் எங்கே தலைகாட்டினாலும் அடித்துப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

"ஸ்பான்சராவது, சாம்பாராவது! நம்மிடம் சொல்லா இல்லை? குதிரைக்குப் புரவி என்று பெயர். புரப்பவர் புரவலர். புரவிப் புரவலர்! மோனை தானாக வந்து விழுகிறது பாருங்கள்."

எல்லோருக்கும் பிடித்திருந்தது. தலைவர் அதை அறிவிக்க ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்பார்ந்த பெருமக்களே, நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு புரவிப் புர..." என்றபோது அவருடைய மேல்வரிசைப் பல்செட் கழன்று வெளியே வந்தது. தலைவர் அதை இடது கையில் பிடித்து, பழக்கதோஷத்தில் எடை பார்ப்பதுபோல் ஒரு கணம் ஏந்தினார்.

இரண்டாவது வரிசையில் அந்தப் பல்செட்டைச் செய்த பல்டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். "அப்பவே சொன்னேன். வேகமாப் பேசாதீங்க, கண்ட வார்த்தையையும் வாயில போடாதீங்கன்னு."

பல்லை மாட்டிக்கொண்டு தலைவர் தீர்ப்புச் சொன்னார். "தலைவரால் சொல்ல முடியாத சொல்லைப் பொதுமக்கள் எப்படிச் சொல்வார்கள்? வேறு வார்த்தை கொடுங்கள்."

புலவர் முகம் செத்துவிட்டது. "தத்து என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்."

"தத்து" என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். நாக்கு மேல்வரிசையில் போய் முட்டியது. செட் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தது. "தத்து. தத்து. தத்தெடுப்பு. அருமை!"

ஒரு மனிதனின் ஈறு காரணமாக ஊர் இப்படித்தான் குதிரைகளைத் தத்தெடுத்தது.

'மேனேஜரைத் தத்தெடுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டியதும் தீவன அறை வாசலில் கூட்டம் நெரிந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊரில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மேனேஜரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள். ஒரு மேனேஜரைப் பிள்ளையாக வைத்து, காதைத் திருகலாம், 'வாடா' என்று கூப்பிடலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? வங்கி குமாஸ்தா ஒருவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். மேனேஜருக்கு மட்டும் நாற்பத்திரண்டு பெற்றோர் சேர்ந்தார்கள். சம்பந்திக்கும் சுமாரான கூட்டம். பாக்கியை வழக்கம்போல யாரும் கேட்கவில்லை. நிதிச் செயலாளர் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, சீட்டுக்காரரையே பாக்கிக்குத் தகப்பனாக்கினார்கள்.

பணம் வந்தது. கூரை வந்தது. நகராட்சி திருப்தி அடைந்தது. பள்ளி பிழைத்தது. இதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை மகள் சேணத்தைப் பூட்டி, வளையத்தில் கால் வைத்து, மேனேஜர் முதுகில் ஏறினாள். வேலிக்கு வெளியே இருந்து ஓர் அலறல்.

"அடியே, இறங்குடி! யாரைக் கேட்டு எம்புள்ள முதுகுல ஏறின?"

பல்டாக்டரம்மா. கையில் துண்டு, தலை வாரும் சீப்பு, பெரிய அளவில் ஒரு பல் பிரஷ். பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பெற்றோர்.

"இது குதிரைங்க. ஏறத்தான்" என்றாள் மகள்.

"உங்க அம்மா முதுகுல போய் ஏறு! குழந்தை எப்படி வேர்த்திருக்கான் பாரு."

குழந்தை அப்போது சாணி போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே பெற்றோர் சங்கம் தோன்றியது. மேனேஜரின் பிடரி மயிரை இடது பக்கம் வகிர்ந்து வாருவதா வலது பக்கமா என்பதில் இரண்டு அணி ஏற்பட்டது. லாயத்துக்குக் கொசுவலை கட்டினார்கள். வங்கி குமாஸ்தா தினமும் சாயங்காலம் வந்து, ஆபீஸில் பேச முடியாததையெல்லாம் மேனேஜரின் காதில் பேசிவிட்டுப் போனார். சம்பந்தியின் பெற்றோர், தங்கள் பிள்ளைக்கு மட்டும் பழைய தலையணை வைத்ததாகச் சண்டைக்கு வந்தார்கள். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள். பிள்ளைகள்மேல் யாரும் ஏறக்கூடாது. வாத்தியாரம்மா கத்திப் பார்த்தார். "இது பள்ளிக்கூடம்மா! கத்துக்கிற எடம்!"

புலவர் எழுந்தார். ஏற்கெனவே ஒரு சொல்லைப் பறிகொடுத்த கோபம் அவருக்கு. "பள்ளி என்ற சொல்லுக்கு உறங்குமிடம் என்றும் பொருள் உண்டு அம்மா. ஆகவே குதிரைகள் இங்கே உறங்குவதில் இலக்கணப் பிழை இல்லை."

தலைவர் மீட்புவிழா உரையில் சொன்னதைச் சீட்டுக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். "பெருமக்களே! ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகள் விழுந்தார்கள், கை உடைந்தது, முட்டி பெயர்ந்தது. இன்று ஒரு விபத்து உண்டா? ஒருவர்கூட ஏறாத குதிரையேற்றப் பள்ளியை நாம் உருவாக்கியிருக்கிறோம். பள்ளியை மூடியிருந்தால்கூட இவ்வளவு பாதுகாப்பாக இருந்திருக்காது. இதே முறையில் மருத்துவமனையையும் மீட்க நான் தயார்!"

வாத்தியாரம்மா சீட்டுக்காரர் பக்கம் குனிந்தார். "நகராட்சிக்காரன் பூட்டியிருந்தா பூட்டையாவது உடைச்சிருப்பேன்ப்பா."

வீட்டில் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜருக்குச் சும்மா நின்று தின்று வயிறு பீப்பாய் மாதிரி ஆகியிருந்தது.

"நீதானேப்பா நிதிச் செயலாளர்? ஏதாவது செய்."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் தைக்கிறவன்."

"அப்ப அந்தப் பல்டாக்டரம்மா வாயைத் தை."

தைக்கிற ஊசி அவரிடம் இருந்தது, தைரியம் இல்லை. ராஜினாமா செய்துவிடலாம் என்றுதான் அடுத்த கூட்டத்துக்குப் போனார். அங்கே மேனேஜருக்கு மதியத் தூக்கத்தின்போது விசிறுவது யார் என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் கேட்டார். காது அடைத்தது. எழுந்து நின்றவருக்கு ராஜினாமா மறந்துபோய் வேறு ஏதோ வாயில் வந்தது.

"ஏங்க, ஆளாளுக்குப் புள்ளை புள்ளைங்கிறீங்களே, புள்ளை வளக்குற லட்சணமா இது? திங்கிறான், தூங்குறான், திங்கிறான், தூங்குறான்! இருக்கிறதே பள்ளிக்கூடத்துக்குள்ள. ஒரு நாளாவது ஒரு பாடம் படிச்சானா? எம்பொண்ணு இப்படி நின்னிருந்தா காலை உடைச்சிருப்பேன். நாளைக்கு நாலு பேர் என்ன புள்ளை வளத்தேன்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்லுவீங்க?"

சொல்லி முடித்ததும் அடி விழும் என்று நினைத்தார். விழவில்லை. வங்கி குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். பல்டாக்டரம்மாவின் முகத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளை நிறைய மார்க் வாங்கிவிட்டான் என்று கேட்டவரின் கலக்கம் வந்தது.

"சம்பந்தி படிக்கிறானா?" என்று மெல்லக் கேட்டார்.

சம்பந்தியின் பெற்றோரில் ஒருத்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வீட்லயே கொஞ்சம் சொல்லிக் குடுக்கிறோம்" என்றாள்.

அவ்வளவுதான். பல்டாக்டரம்மா துள்ளி எழுந்தார். "டீச்சர்! இந்தப் பள்ளிக்கூடத்துல பாடம்னா என்ன?"

"ஆளைச் சுமந்து நடக்கணும், ஓடணும், தடை தாண்டணும்" என்றார் வாத்தியாரம்மா.

"அப்ப மேல உக்கார்ற பொண்ணு?"

வாத்தியாரம்மா சீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தார். உப்புத்தாள் தொண்டையில் சிரிப்பு உரசியது. "அதாம்மா பாடப்புத்தகம்."

"புத்தகம் இல்லாம எப்படிங்க புள்ளை படிக்கும்?" என்று பல்டாக்டரம்மா கூட்டத்தைப் பார்த்துச் சீறினார், இதுவரை தடுத்தவர் வேறு யாரோ என்பதுபோல.

மறுநாள் விடிவதற்குள் வேலியைச் சுற்றிப் பெற்றோர் நின்றார்கள். மகள் ஏறினாள். இந்த முறை இறங்க விடவில்லை. ஒரு சுற்று முடிந்தால், "இன்னொரு தடவை போம்மா, இடது பக்கம் திரும்புறதுல கொஞ்சம் வீக்கா இருக்கான்" என்றார்கள். சாயங்காலம் தனி வகுப்பு வைத்தார்கள். அவள் கிடங்குக்கு டேப் ஒட்டப் போனபோது, "புஸ்தகத்தை எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று வங்கி குமாஸ்தாவே கிடங்கு முதலாளியிடம் சண்டை போட்டு லீவு வாங்கினார். சம்பந்தி சின்னத் தடையைத் தாண்டிய செய்தி வந்ததும், மேனேஜருக்குப் பெரிய தடை வைக்கச் சொன்னார்கள். மேனேஜரின் வயிறு உள்ளே போனது. அதன் கண்ணில் அந்தக் குறை சொல்லும் பார்வை மறைந்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் திகில் வந்தது. கொள்ளுத் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து பார்த்தது. கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள்.

"இடுப்பு கழண்டு விழுதுப்பா" என்றாள் மகள் வீட்டில்.

"புஸ்தகம் பேசக் கூடாது" என்றார் சீட்டுக்காரர். அவள் தலையணையை எடுத்து வீசினாள்.

தேர்வு நாளன்று போலீஸ் மைதானத்துக்குப் பெற்றோர் ஒரு பஸ் பிடித்து வந்தார்கள். சீட்டெல்லாம் சீட்டுக்காரர் தைத்தது. அதைக் கவனிக்கும் மனநிலையில் அவர் இல்லை. பல்டாக்டரம்மா மேனேஜரின் வாயைத் திறந்து பல்லைச் சரிபார்த்தார். "தெரிஞ்சதை முதல்ல செய். தெரியாததைக் கடைசியில் செய். பதட்டப்படாத, என்னடா?"

அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் குழம்பினார். "தேர்வு யாருக்கு?"

"எங்க பையனுக்கு" என்று நாற்பத்திரண்டு பேரும் சொன்னார்கள்.

மகள் நடத்தினாள், ஓட்டினாள், வளைத்தாள், தடுமாறாமல் எல்லாத் தடையும் தாண்டினாள். கடைசித் தடைக்கு மேனேஜர் கொஞ்சம் தயங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் பல்டாக்டரம்மா முறைப்பதைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

அதிகாரி சீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "பொண்ணு பிரமாதமா ஓட்டுது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எங்ககிட்ட ஆள் இருக்கு, குதிரைதான் பத்தல. இந்தக் குதிரையையும் சேத்துக் குடுத்தீங்கன்னா ரெண்டு பேரையும் எடுத்துக்கறேன். இல்லேன்னா அடுத்த தடவைதான்."

சீட்டுக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சேதி வேலியைத் தாண்டிவிட்டது. ஒரே ஓலம். குதிரையைக் கேட்கிறார்களாம்! பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதா? வங்கி குமாஸ்தா மேனேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பல்டாக்டரம்மா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க பிணத்தைத் தாண்டித்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றார். மகள் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் டேப் பசையின் கறுப்பு இன்னும் போகவில்லை என்பதைச் சீட்டுக்காரர் பார்த்தார்.

அதிகாரிக்கு எரிச்சல். "எதுக்கும்மா அழறீங்க? தெருவுலயா விடப் போறோம்? கவர்மெண்ட் வேலை. சாப்பாடு, தங்க இடம், டாக்டர் எல்லாம் கவர்மெண்ட்."

ஓலம் பாதியில் நின்றது.

"என்ன வேலைன்னீங்க?" என்றார் பல்டாக்டரம்மா.

"கவர்மெண்ட் வேலை."

"நிரந்தரமா?"

"சேத்துக்கிட்டா நிரந்தரம்தான்."

வங்கி குமாஸ்தா குதிரையின் கழுத்திலிருந்து கையை எடுத்து, கண்ணைத் துடைத்தார். "ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் ஏதாவது உண்டுங்களா?"

"வயசானா வேலை வாங்க மாட்டோம். புல்வெளியில விட்டுச் சாகிற வரைக்கும் சோறு போடுவோம்."

"பென்ஷன்!" என்று யாரோ பின்னாலிருந்து கிசுகிசுத்தார்கள்.

மறுபடியும் அழுகை எழுந்தது. இது வேறு அழுகை. பல்டாக்டரம்மா கடிவாளத்தைத் தன் கையாலேயே அதிகாரியிடம் கொடுத்தார். "சார், கொஞ்சம் கூச்ச சுபாவம். அதட்டாதீங்க. மத்தபடி நல்லா வருவான்."

ஒரு வாரத்தில் பள்ளி வாசலில் பேனர் ஏறியது. நடுவில் மேனேஜரின் முகம், ஆள் உயரத்துக்கு. சுற்றிலும் நாற்பத்திரண்டு பெற்றோரின் முகங்கள், தபால்தலை அளவுக்கு. மேலே தலைவர், கையை உயர்த்தியபடி. கீழே, ஆணி அடித்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு வரி: 'அரசுப் பணியில் சேரும் எங்கள் செல்வன் மேனேஜர் மற்றும் ஒருவர்.'

மகள் புதுச் சீருடையில் நின்று அதை இரண்டு தடவை படித்தாள்.

"அந்த ஒருவர் நான்தானேப்பா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். கேட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம். அப்புறம் அதையும் எடுத்துடப் போறாங்க" என்று சிரித்துவிட்டுப் பஸ் ஏறப் போனாள். டேப் இல்லாத திசையில் போகும் பஸ்.

உள்ளே குதிரையேற்றம் கற்கப் பிள்ளைகளைச் சேர்க்க வரிசை நின்றது. பிள்ளை வேலைக்குப் போய்விட்ட வெறுமை தாங்காமல் பல்டாக்டரம்மா வேலியோரம் நின்று, மண் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வாத்தியாரம்மா பாக்கியை நடத்திக்கொண்டிருந்தார்.

சீட்டுக்காரருக்கு மனசு நிறைந்திருந்தது. நாளைக்கே நிதிச் செயலாளர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் கிடக்கும் லாரி சீட்டை முடிக்க வேண்டும். இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தின் சங்காத்தமே வேண்டாம். சேணம் தைக்க எடுத்துவந்த நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"பாக்கி உங்க பையன்தானே?" என்று பல்டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தார். "சம்பந்தி பெரிய தடையே தாண்டறானாம். உங்காளு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கான் போல?"

சீட்டுக்காரர் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"அதெல்லாம் முந்தாநாளே தாண்டிட்டான்" என்றார். "நாங்கதான் வெளியே சொல்லிக்கிறதில்ல."